இரவு முழுக்க ஓர் அஞ்சலோட்டம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களைச் சுருக்கியும் சில இடங்களை விரித்தும் எழுதித் தந்திருக்கிறேன்.)

 

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, எனக்குக் கற்பித்த ஆசிரியைகளே, சங்கத்தின் தலைவி, செயலாளர் அவர்களே, மூத்த ராத்தாமாரே, என் வகுப்புத் தோழிகளே, கதிரை கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவிகளே,

செயலாளர் ராத்தா என்னிடம் தொலைபேசியில் சொன்னது, "நீ டொக்டர்தானே, சீனி வருத்தத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிவிடு" என்பதுதான். அந்தப் பேச்சை நான் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் பலமுறை பேசியாயிற்று. கேட்டுவிட்டு நேரே வட்டிலப்பம் இருக்கும் மேசைக்குப் போனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே இன்று ஓர் ஓட்டப் போட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். சீனி வருத்தமும் இடையில் வரும், பயப்படாதீர்கள்.

நான் சொல்ல வந்தது இரவு முழுக்க ஓடும் அஞ்சலோட்டத்தை. ஒருவர் ஓடி முடித்து அடுத்தவர் கையில் கொடுக்க, அவர் ஓடி அதற்கடுத்தவர் கையில் கொடுக்க, சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும் வரை நிற்காமல் போகும் ஓட்டம்.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இதைத் தொடர் ஓட்டம் என்கிறார்கள். நாம் அஞ்சலோட்டம் என்கிறோம். அஞ்சல் என்றால் தபால். நம்முடைய சொல்தான் நல்ல சொல் என்பது என் கட்சி. தொடர் ஓட்டம் என்றால் ஒருவர் பின் ஒருவர் ஓடுவது மட்டுமே தெரிகிறது. அஞ்சலோட்டம் என்னும்போது, ஓடுகிறவர் கையில் யாருக்கோ போய்ச் சேர வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

அந்தத் தபாலோட்டத்தைப் பார்த்து எழுதி வைத்தவர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் இருந்தபோது, அங்கே இரண்டு வகைத் தபால் இருந்ததை எழுதியிருக்கிறார். ஒன்று குதிரைத் தபால், மற்றது கால் தபால். கால் தபாலுக்கு ஒரு மைலுக்கு மூன்று நிலையங்கள். ஓடுகிறவர் ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் மணிகள் கட்டிய ஒரு கோலையும் பிடித்துக்கொண்டு தம்மால் முடிந்த வேகத்தில் ஓடி வருவார். மணிச் சத்தம் தூரத்தில் கேட்டவுடனேயே அடுத்த நிலையத்தில் இருப்பவர் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராகி நிற்பார். வந்தவர் நிற்கும் முன் கடிதம் கைமாறிவிடும். இந்தக் கால் தபால் குதிரைத் தபாலைவிட வேகமானது என்கிறார் இப்னு பதூதா. குராசானின் பழங்கள் சுல்தானுக்கு இப்படித்தான் வாடாமல் வந்து சேர்ந்தனவாம்.

குதிரையைவிட மனிதனால் வேகமாக ஓட முடியாது. அப்படியிருக்க எப்படி இது முந்தியது? ஓடுகிறவர் களைக்கும் முன்பே மாறிவிடுவதும், மாறும் இடத்தில் நேரம் வீணாகாததும்தான் காரணம். அந்த மணியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசுவதில் பாதி அந்த மணியைப் பற்றியதுதான். புகையிரதமும் மோட்டார் வண்டியும் வருமுன் நமது நாட்டிலும் தபால் ஓட்டக்காரர்களின் கால்களில்தான் போனது.

இதை விளையாட்டாக மாற்றியவர்கள் ஜப்பானியர். 1917 ஏப்ரல் 27ஆம் திகதி கியோத்தோ நகரின் சஞ்ஜோ பாலத்தடியில் இரண்டு அணிகள் புறப்பட்டன. ஓர் அணிக்கு 23 பேர். போய்ச் சேர வேண்டிய இடம் தோக்கியோவின் உவேனோ, 500 கிலோமீற்றருக்கும் மேலே. இரவு பகல் பாராமல் ஓடி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் எகிடென். பழைய காலத்தில் அந்த நெடுஞ்சாலையில் குதிரை மாற்றும் தபால் நிலையங்கள் இருந்தன, அவற்றிலிருந்து வந்த பெயர் அது. பாருங்கள், நம் அஞ்சலோட்டமும் அவர்களுடைய எகிடெனும் ஒரே தபால் பையிலிருந்து வந்தவை. அவர்கள் கோல் வைத்துக்கொள்வதில்லை. தோளில் குறுக்காக அணியும் ஒரு துணிப் பட்டியைக் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். வியர்வையில் நனைந்த அந்தத் துணியை அடுத்தவர் அணிந்துகொண்டு ஓடுவார்.

வென்ற அணிக்காகக் கடைசியில் ஓடியவர் ஷிசோ கனகுரி. இவர் 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெயில் தாங்காமல் பாதியில் நின்று, எவருக்கும் சொல்லாமல் ஊர் திரும்பியவர். 1967இல் சுவீடன்காரர் இவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை ஓடி முடிக்க வைத்தார்கள். முடித்தபோது கணக்குப் பார்த்தால் 54 வருடங்களுக்கும் மேல்! ஐம்பது வயதுக்குப் பிறகு இனி என்னத்தை ஓடுவது என்கிற ராத்தாமாருக்காகத்தான் இதைச் சொன்னேன்.

ஜப்பானில் பெண்களுக்கான மாகாண எகிடென் 1983 முதல் ஆண்டுதோறும் கியோத்தோவில் நடக்கிறது. மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரை ஒன்பது பேர் பங்கிட்டு ஓடுகிறார்கள். அந்த ஒன்பதில் இரண்டு பங்கு கனிஷ்ட இடைநிலை வகுப்பு மாணவிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, ஆளுக்கு 3 கிலோமீற்றர். மீதியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் வளர்ந்த பெண்களும் ஓடுவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன்னைப்போல் இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவருக்குப் பட்டியைக் கொடுக்கிறாள். பழைய மாணவிகள் சங்கம் என்ற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1982 முதல் நடக்கும் ஹூட் டு கோஸ்ட் ஓட்டம் இன்னொரு வகை. மலைச் சரிவில் தொடங்கிக் கடற்கரையில் முடியும், ஏறத்தாழ 320 கிலோமீற்றர், 12 பேர், 36 பகுதிகள். ஒருவர் ஓட, மற்றவர்கள் இரண்டு வான்களில் தூங்கியும் தூங்காமலும் பின்தொடர்வார்கள். வைத்தியராக எனக்கு இதில் ஓடுகிறவரைவிட வான் ஓட்டுகிறவரைப் பற்றித்தான் பயம். அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் மனித உடலின் வெப்பநிலை மிகத் தாழ்ந்திருக்கும். எவ்வளவு மனவுறுதி உள்ளவரும் அந்த நேரத்தில் சில நொடிகள் கண் திறந்தபடியே தூங்கிவிடக்கூடும். கொழும்பிலிருந்து இரவில் வரும் வாகனங்கள் எந்த நேரத்தில் பாதையை விட்டு விலகுகின்றன என்பது உங்களுக்கும் தெரியும்.

இனி என் கதை. 2016இல் மேற்பயிற்சிக்காக நான் இங்கிலாந்தில் இருந்தேன். அந்த வருடம் ஜூலை மாதக் கடைசியில், டார்பிஷயரில் கட்டன் பார்க் என்ற இடத்தில் நடக்கும் தண்டர் ரன் என்ற ஓட்டத்துக்கு எங்கள் வாட்டிலிருந்து ஓர் அணி போனது. சனிக்கிழமை பகல் 12 மணிக்குத் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்கு முடியும். வயலும் காடுமாக 10 கிலோமீற்றர் சுற்று. அணிக்கு எட்டுப் பேர் வரை. எங்கள் எட்டாவது ஆள் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். எட்டாவதாகச் சேர்க்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அணியில் கேரளத்துத் தாதி ஒருவர், நைஜீரிய வைத்தியர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட் இருவர், நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் ஊழியர் ஒருவர், இளம் வைத்தியர் ஒருவர், வாட்டின் வரவேற்பு மேசையில் இருக்கும் 58 வயது அம்மணி ஒருவர், நான். முழுக்கை மேலாடையும் நீளக் காற்சட்டையும் தலையில் முந்தானையுமாக நான் போய் நின்றபோது "வெக்கையாக இருக்காதா?" என்று கேட்டார்கள். இரவு பத்தரைக்குக் குளிர் இறங்கியதும் எல்லாரும் என்னைப்போலவே மூடிக்கொண்டார்கள்.

முதல் சுற்றில் எல்லாரும் வீரர்கள். வெயில், பாட்டு, கைதட்டல். நான் 10 கிலோமீற்றரை ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடித்தேன். இரவானதும் எல்லாம் மாறிவிட்டது. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் விழும் மூன்று நான்கு அடி நிலம்தான் உலகம். மழை பெய்து பாதை சேறாகிவிட்டிருந்தது. முன்னால் போகிறவரின் விளக்கு மரங்களுக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். அப்போது நீங்களும் உங்கள் மூச்சும் மட்டும்தான். பகலில் ஓடும்போது நான் வேகத்தைப் பற்றி நினைத்தேன். இரவில் ஓடும்போது ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தேன்: நான் போய்ச் சேரும் இடத்தில் ஆள் நிற்குமா?

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு முந்தைய முறையில் ஆள் நிற்கவில்லை. கேரளத்துத் தாதி சேறும் மழையுமாக ஓடி வந்து கைமாறும் இடத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்து ஓட வேண்டிய இளம் வைத்தியர் கூடாரத்தில் நல்ல தூக்கம், கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. வந்தவர் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது, அடுத்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் மழையில் நின்றார். வேகமாக ஓடி அவர் மிச்சம் பிடித்ததெல்லாம் நின்ற இடத்திலேயே போயிற்று. அதைவிட, அவருடைய முகம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எவராலும் தூங்க முடியவில்லை.

அப்போதுதான் வரவேற்பு மேசை அம்மணி எழுந்தார். எங்கள் அணியில் மிகவும் மெதுவானவர் அவர், சுற்றின் பெரும்பகுதியை நடந்தே முடித்தவர். பிஸ்கட் பெட்டியொன்றைக் கிழித்து அட்டையில் எட்டுப் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும், யார் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்பதையும் எழுதினார். வாட்டில் இருபது வருடமாக யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்தவருக்கு இது ஒரு வேலையா? ஆள் வந்து சேர நாற்பது நிமிடத்துக்கு முன் அடுத்தவரின் கூடாரத்தைத் தட்டுவார். எழுந்து உட்காரும்வரை போகமாட்டார். கையில் தேத்தண்ணீர் தருவார். சப்பாத்தின் நாடா கட்டியாயிற்றா, நெற்றி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு கைமாறும் இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மூளை சரியாக வேலை செய்யாது என்பதை நாங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்திருந்தோம். அவர் படிக்காமலே அறிந்திருந்தார்.

எனக்கு அந்த இரவு இரண்டு மணியளவில் முறை வந்தது. நாலு மணிக்கு மேல் கிழக்கு வெளுத்துவிடும் ஊர் அது. நான் ஓடி முடித்து, பட்டியை நைஜீரிய வைத்தியரின் கையில் சுற்றிவிட்டு, கூடாரத்தடிக்கு வந்து சுபஹ் தொழுதேன். முழங்கால் மடக்கும்போது கண்ணீர் வந்துவிட்டது, அது பக்தியாலா தசை வலியாலா என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் பகல் நாங்கள் முடித்தபோது 19 சுற்றுகள், 190 கிலோமீற்றர். எங்கள் இடம் பட்டியலின் அடிப்பக்கத்தில் எங்கோ இருந்தது. ஆனால் அந்த அட்டை வந்த பிறகு ஒருமுறைகூட ஓடி வந்தவர் வெறும் இருட்டைப் பார்த்து நிற்கவில்லை.

அஞ்சலோட்டம் கைமாறும் இடத்தில்தான் வெல்லவும் தோற்கவும் படுகிறது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் நான்கு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டத்தின் அரையிறுதியில் ஒரே நாளில் கோலைத் தவறவிட்டன. உலகின் மிக வேகமான கால்கள் அவை. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். இரவுக் கடமை வைத்தியர் காலைக் கடமை வைத்தியரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறாரே, அதுவும் ஓர் அஞ்சலோட்டம். அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள ஒன்பது வைத்தியசாலைகளின் சிறுவர் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று 2014இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் வெளிவந்தது. ஒப்படைக்கும் முறையை ஒழுங்குபடுத்தி எல்லாருக்கும் பழக்கினார்கள். மருத்துவத் தவறுகள் 23 வீதம் குறைந்தன, தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 வீதம் குறைந்தன. புதிய மருந்தில்லை, புதிய இயந்திரமில்லை. கொடுக்கிறவர் முழுதாகக் கொடுத்தார், வாங்குகிறவர் விழித்திருந்து வாங்கினார்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பில் என்னைவிட, ஏன், எல்லாரையும்விட வேகமாக ஓடிய ஒருத்தி இருந்தாள். இங்கேதான் இருக்கிறாள், சொல்வதற்கு அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசி ஆளாக அவளைத்தான் நிறுத்துவார்கள். நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு பின்தங்கி வந்து கொடுத்தாலும் அவள் பிடித்துவிடுவாள். ஒன்பதாம் வகுப்போடு அது நின்றது. யாரும் அவளை ஏசவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. அடுத்த வருடம் பெயர் எடுத்தபோது அவளுடைய பெயரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் வீட்டிலும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியபிள்ளையானால் ஓடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம்போல இருந்தது. அவள் ஓடி வந்த பாதையின் முடிவில் ஆள் இல்லை.

இது நமது கரையோரத்தில் மட்டும் நடப்பதல்ல. உலகம் முழுவதும் 11 முதல் 17 வயது வரையான பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கில், போதிய உடலுழைப்பு இல்லாத பெண் பிள்ளைகள் 85 வீதம், ஆண் பிள்ளைகள் 78 வீதம். ஆண்களும் ஒன்றும் புலிகள் அல்லர் என்பதைக் கவனியுங்கள். என்றாலும் நமது ஆண் பிள்ளைகளுக்கு மாலையில் கடற்கரையும் மைதானமும் இருக்கின்றன. நமது பெண் பிள்ளைகளுக்கு ரியூஷன் இருக்கிறது.

அதன் விளைவை நான் கிளினிக்கில் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதில் சீனி, நாற்பதில் பிறசர், நாற்பத்தைந்தில் முழங்கால். நடங்கள் என்று சொல்வேன். "எங்க டொக்டர் நடக்கிற? றோட்டில நடந்தா எங்க போறீங்க எண்டு கேட்டுக் கேட்டே நாலு பேர் மறிப்பாங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கும்படி துண்டில் எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபம். நடக்க இடமும், கூட வர ஆளும் அந்தத் துண்டில் இல்லை. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டி ஓடி, ஒருமுறை முந்தியதும் மறுமுறை பிந்தியதும் இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆகவே ஓடலாமா என்பதில் எனக்கு வாதம் இல்லை. எங்கே, எப்போது, யாரோடு என்பதுதான் கேள்வி.

அதற்கு நமது பாடசாலையிடம் பதில் இருக்கிறது. ஆளுயரத்துக்கும் மேலான மதில், உள்ளே 200 மீற்றர் தடம் போடக்கூடிய மைதானம், ஒரே ஒரு வாயிற்கதவு. நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக இந்த மைதானத்தில் இரவு எட்டு மணி முதல் அதிகாலை நான்கு மணி வரை பெண்கள் மட்டும் ஓடும் அஞ்சலோட்டம் ஒன்றை நடத்தலாம் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பகலில் ஏன் கூடாது என்று கேட்டார்கள். கிழக்கின் வெயிலில் பழக்கமில்லாதவர்களை ஓடவைத்துவிட்டு சேலைன் ஏற்றிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அத்தோடு, இஷாவுக்குப் பிறகுதான் வீட்டில் நம்மை யாரும் தேடுவதில்லை.

கணக்கு இதுதான். நூறு வருடத்துக்கு நூறு கிலோமீற்றர், இரண்டு அணிகள், அணிக்கு 50. எட்டு மணித்தியாலத்தில் 50 கிலோமீற்றர் என்றால் மணிக்கு ஆறேகால், கொஞ்சம் ஓடி மிச்சத்தை விரைவாக நடந்தாலே வந்துவிடும். அணிக்கு எட்டுப் பேர், ஒருவருக்கு ஒரு தடவைக்கு இருபது நிமிடம், இரவு முழுக்க மூன்று தடவை. ஆக ஒருவருக்கு மொத்தம் ஒரு மணித்தியாலம், ஒரு தடவைக்குப் பத்துச் சுற்றுகளும் கொஞ்சமும். உங்கள் ஒவ்வொரு முறைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஓய்வு. எட்டுப் பேரில் இருவர் இப்போது படிக்கும் மாணவிகளாக இருக்க வேண்டும், ஐம்பது தாண்டிய ஒருவராவது இருக்க வேண்டும். மற்ற ஐந்தும் எந்த வகுப்பாகவும் இருக்கலாம்.

இந்த எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக ஒருவர். ஓடமாட்டார். அட்டையும் பேனையும் கைமணியும் அவரிடம் இருக்கும். அதிபர் அறையின் அலுமாரியில் இருக்கும் பழைய பாடசாலை மணியைத் தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார். ஓடுகிறவரின் முறை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் மணி, கடைசிச் சுற்றில் இரண்டாம் மணி. இரண்டாம் மணிக்கு அடுத்தவர் கோட்டில் நிற்க வேண்டும். இந்த ஒன்பதாவது ஆள்தான் அணித்தலைவி. வேகமானவரைத் தலைவியாகப் போடவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மூத்த ராத்தா ஒருவர் கூட்டத்தில் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. படம் எடுத்து எங்காவது போட்டுவிட்டால்? கைத்தொலைபேசிகளை வாயிலில் வாங்கிப் பெயர் ஒட்டி வைத்துவிடுவோம், என்னுடையதும் அதில் அடக்கம். அவசரத்துக்கு அலுவலகத் தொலைபேசி இருக்கிறது. மின்விளக்கு போடுகிறவர்? மாலையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விடுவதும் வந்து கூட்டிப்போவதும் கதவுக்கு வெளியே. இரவில் ஒருவரும் தனியாக முச்சக்கரவண்டியில் போக வேண்டியதில்லை, முறை முடிந்தவர்களும் விடியும்வரை இங்கேயே இருப்பார்கள். பால்குடிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முதலாம் வகுப்பு அறையில் பாயும் தொட்டிலும் போடுவோம். பிள்ளை அழுதால் முறையை மாற்றிக்கொள்ளலாம். அதற்குத்தான் அணி.

இனி வைத்தியராகச் சில வார்த்தைகள், இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. நெஞ்சு வலி, இளைப்பு, மயக்கம் எப்போதாவது வந்தவர்கள் என்னிடமோ வேறு வைத்தியரிடமோ காட்டிவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும். சீனிக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை வேகமாகக் குறைக்கும் குளிசை எடுக்கிறவர்களும் ஓடக்கூடாது என்பதில்லை. ஒவ்வொரு முறைக்கும் முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், இடுப்புப் பையில் சீனிக் கட்டியோ பேரீச்சம்பழமோ இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, பார்வை மங்கல் என்றால் நின்றுவிட வேண்டும். மாணவிகளில் நிறையப் பேருக்கு இரத்தம் குறைவு. மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குகிறதென்றால் அது சோம்பல் அல்ல, இரும்புச் சத்தைப் பரிசோதிக்க வேண்டும். இந்த ஓட்டத்தால் அப்படி நாலு பிள்ளைகளைக் கண்டுபிடித்தாலே எனக்குப் போதும். மாதவிடாய் நாளென்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை, உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். பயத்தில் போத்தல் போத்தலாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பொஸ்ரன் மரதனை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது, அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கிய காரணம். சாப்பாட்டுக்குக் கஞ்சி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், பிளேன்ரீ. நள்ளிரவில் புரியாணிச் சட்டி வந்தால் நானே கதவைப் பூட்டுவேன். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதில் பேர்பெற்ற சாச்சிமார் இருவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்கள்.

பயிற்சி வேண்டும். ஒரே நாளில் வந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் அடுத்த வாரம் முழுக்க என் கிளினிக்கில்தான் இருப்பீர்கள். வருகிற சனிக்கிழமையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அஸருக்குப் பிறகு மைதானம் திறந்திருக்கும் என்று அதிபர் உறுதி தந்திருக்கிறார். முதல் இரண்டு வாரம் நடை மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு சுற்று மெல்ல ஓடி இரண்டு சுற்று நடப்போம். எட்டாம் வாரத்தில் இருபது நிமிடம் நிற்காமல் போகப் பழகிவிடும். உடுப்பு உங்கள் விருப்பம், அபாயாவின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே இருந்தால் தடுக்காது. செருப்போடு வரவேண்டாம்.

என் வகுப்புத் தோழியின் பெயரை முதல் அணியின் கடைசி முறைக்கு, அதிகாலை மூன்று நாற்பதுக்கு, எழுதியிருக்கிறேன். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. முப்பது வருடம் ஆகிவிட்டதாம், மகளுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையாம். மகளின் பெயரை அவளுக்கு முந்தைய முறைக்கு எழுதியிருக்கிறேன்.

பெயர் கொடுப்பதற்கான கொப்பி வாயிலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயர், படித்து முடித்த வருடம், வருத்தங்கள் ஏதுமிருந்தால் அவை, எடுக்கும் மருந்து. கடைசி நிரலில் சப்பாத்து அளவையும் எழுதிவிடுங்கள். வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு வெளிநாட்டிலுள்ள நம் பழைய மாணவிகள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அளவு தெரியாமல் அவர்கள் என்ன செய்வார்கள்?